கிணற்று நீச்சலோடு ஓகினாவா கடலில்

நான் நீச்சல் கற்றுக்கொண்டது ஓமலூருக்குப் பக்கத்தில், தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, மோட்டார்க் குழாய் இறங்கும் மூலையில் தள்ளிவிடுவார். எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டை எட்டிப் பிடிக்கும் வரை கைகால்களை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் மூழ்கிவிடுவோம் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பாடம். எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பன்னிரண்டு வீச்சுக்குள் ஒரு கல் கைக்கு அகப்படும் என்ற தைரியத்தில்தான் கிணற்றில் வளர்ந்தவர்கள் நீந்துகிறோம். அதே தைரியத்தோடு, ஐம்பத்திரண்டு வயதில், சென்ற ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஓகினாவாத் தீவின் கடலில் இறங்கினேன். சேலத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கடல் சூழ்ந்த ஊர்களுக்குப் போவதும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் அங்கே முதன்முறையாகக் கடலில் கால் வைப்பதும் இப்போது சாதாரணமாகிவிட்டதால், அந்தப் பத்து நாட்களில் கண்டதையும் கற்றதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருமணமாகி ஏற்காட்டுக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகளாகின்றன. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியுமாகப் பிழைக்கும் எங்களுக்கு நீர் விளையாட்டு என்றால் ஏற்காடு ஏரியில் மிதிபடகு, மிஞ்சிப்போனால் பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் படகு, அவ்வளவுதான். என் கணவருக்கு நீச்சலே தெரியாது. மகள் ஓகினாவாவின் மேற்குக் கரையிலுள்ள ஒன்னா என்னும் கிராமத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நாங்கள் பாங்காக்கிலும் தைப்பேயிலும் மாறி நாஹா நகரில் போய் இறங்கினோம்.

ஜப்பானின் தென்கோடியில், தைவானை நோக்கி நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டத்தில் பெரியது ஓகினாவாத் தீவு. வடக்கு தெற்காக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. நம் சேலம் மாவட்டத்தில் கால் பங்குகூட இல்லை. கடக ரேகைக்குச் சற்று வடக்கே இருந்தாலும், குரோஷியோ என்னும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் மேற்குப் பக்கமாக ஓடுவதால் குளிர்காலத்திலும் அங்கே பனி உறைவதில்லை, பவளமும் செழித்து வளர்கிறது. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ "கடல் திறப்பு" என்று சடங்கு நடத்திக் கடற்கரைகளைத் திறக்கிறார்கள். அக்டோபர் வரை நீராடலாம். இடையில் மே மாத நடுவிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை அடைமழை, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல்கள். மழை ஓய்ந்து முதல் புயல் வருவதற்கு முன்னால் கிடைக்கும் சில வாரங்கள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றவை என்று மகள் கணக்குப் போட்டு அழைத்திருந்தாள். அந்த நாட்களில் சூரியன் மாலை ஏழரை மணிக்குத்தான் மறைகிறது. நண்பகல் வெயிலை மரநிழலில் கழித்துவிட்டு நான்கு மணிக்குமேல் நீரில் இறங்கினாலும் மூன்று மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்.

உடையைப் பற்றிய தயக்கம் எனக்கு ஊரிலிருந்து புறப்படும்போதே இருந்தது. அது தேவையற்றது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. வெயிலின் கடுமையை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர்கள் ஆணும் பெண்ணுமாகப் பெரும்பாலும் டி-சர்ட்டும் கால்சட்டையுமாகவே கடலில் இறங்குகிறார்கள். கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடும் மெல்லிய நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை இறங்கும் கால்சட்டையும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. நம் பெண்கள் கூச்சமின்றி அணியலாம் என்பதோடு, தோலை வெயிலும் பவளமும் கிழிக்காமல் காப்பதற்கும் அதுதான் சரியான உடை.

பராமரிப்பில் உள்ள கடற்கரைகளில் நீராடும் பகுதியைச் சுற்றி ஒரு வலை கட்டியிருப்பார்கள். அலைக்காக அல்ல, ஹாபு சொறிமீன் என்னும் ஜெல்லிமீனுக்காக. ஹாபு என்பது அந்தத் தீவுகளில் வாழும் கடும் விஷமுள்ள விரியன் வகைப் பாம்பு. அதன் பெயரையே இந்தப் பெட்டி வடிவச் சொறிமீனுக்கும் வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் கொடுமையைப் புரிந்துகொள்ளலாம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் என்பதால் முழங்கால் ஆழத்தில் பக்கத்திலேயே வந்தாலும் தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் காலம். காவலர் மேடையில் உணவுக்குப் பயன்படும் சாதாரண வினிகர் நிறைந்த பெரிய பாட்டில் எப்போதும் இருக்கும். கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது, நன்னீர் ஊற்றக் கூடாது, தாராளமாக வினிகரை ஊற்றி ஒட்டியிருக்கும் இழைகளை மெதுவாக அகற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாச் சொறிமீனுக்கும் வினிகர் பொருந்தாது. நீலக் காற்றுப்பையோடு மிதந்து வரும் வேறொரு வகை கொட்டினால் வினிகர் ஊற்றக் கூடாது என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். கல்மீனின் முள் குத்தினால், சுடச்சுட அல்ல, பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்திருக்க வேண்டும். அழகான சங்கு கிடந்தாலும் உயிருள்ளதாக இருந்தால் எடுக்கவே கூடாது. கூம்புச் சங்கு ஒன்றின் நஞ்சு ஆளைக் கொல்லும். இவற்றைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. வயலில் இறங்குமுன் வரப்பைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருப்பதுபோல, அவர்களுக்குக் கடலில் இந்தப் பழக்கம் இருக்கிறது.

முதல் இரண்டு நாட்களும் அந்த வலைக்குள்ளேயே கழிந்தன. மகள் எங்களுக்கு மாஸ்க்கும், முகத்தை நீரில் கவிழ்த்தபடியே வாயால் மூச்சுவிட உதவும் ஸ்நார்கெல் குழாயும் வாங்கி வைத்திருந்தாள். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்கின் ரப்பர் ஓரம் முகத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே நீர் புகாது. என் கணவரின் அடர்ந்த மீசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை முகத்தைக் கவிழ்க்கும்போதும் மேலுதட்டின் வழியே உப்புநீர் கசிந்து மூக்கில் ஏறியது. அவர் சலித்துப்போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தன் பேரனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து வந்து, தம் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார். மீசையின் மேல்பாதியில் அதைத் தடித்துப் பூசிக்கொண்டதும் கசிவு நின்றது. நீச்சல் தெரியாத அந்த மனிதர் லைஃப் ஜாக்கெட்டோடு அன்று முழுக்க இடுப்பளவு நீரில் குப்புறக் கிடந்து மீன் பார்த்தார்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. கிணற்றில் பழகிய கைகால்கள் நீரில் பட்டதும் தாமாகவே அடிக்கத் தொடங்கின. அடிக்க அடிக்க மூச்சு வாங்கியது, மூச்சு வாங்க வாங்க அந்தச் சிறிய குழாய் போதவில்லை என்று தோன்றி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கினேன். "அம்மா, நீந்தாதீங்க, சும்மா கிடங்க" என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். உப்புநீர் நம் உடலைக் கிணற்று நீரைவிட நன்றாகத் தாங்கும் என்று படித்திருந்தேனே தவிர, கைகால்களை விட்டுவிடுவது என்பது நாற்பது ஆண்டுப் பாடத்தையே விட்டுவிடுவதாக இருந்தது. இரண்டாம் நாள் மாலை, எப்போது என்று தெரியாமல், உடல் தளர்ந்தது. குழாய்க்குள் என் மூச்சு போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே மணலில் அலையின் நிழல் வலைபோல நெளிந்தது. நீரில் அசையாமல் கிடக்கலாம் என்பதை ஐம்பத்திரண்டு வயதில் அறிந்துகொண்ட அந்தக் கணத்தை என்னால் மறக்க முடியாது.

நீருக்குள் கண்ணைத் திறந்து பார்க்கும் இந்தக் கண்ணாடியை ஓகினாவா மீனவர்கள் வெளியாரிடமிருந்து இரவல் வாங்கவில்லை. தீவின் தெற்கிலுள்ள இட்டோமான் ஊரில் தமகுசுகு யாசுதாரோ என்பவர் 1884ஆம் ஆண்டில், மரத்தைக் குடைந்து கண்ணாடிச் சில்லைப் பதித்து நீருக்கடியில் அணியும் கண்ணாடியைச் செய்தார். "மீ" என்றால் கண், "காகன்" என்றால் கண்ணாடி. இரண்டையும் சேர்த்து மீகாகன் என்று அதற்குப் பெயர். அவரவர் முகத்தின் எலும்புக்கு ஏற்ப மரத்தைச் செதுக்கினால்தான் நீர் புகாது என்று அறிந்தபோது, மீசையோடு போராடிய என் கணவர் அதன் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பவளத்தின்மேல் போனோம். காதுக்குள் முதலில் வந்தது ஒரு நறநறப்பு. பச்சையும் நீலமுமாக, முழங்கை நீளத்தில் ஒரு கிளிமீன், அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதன் பின்னாலிருந்து வெண்மையான தூள் புகைபோல் இறங்கியது. பாறையில் படர்ந்த பாசியைத் தின்னும்போது கூடவே பவளச் சுண்ணாம்பையும் அரைத்து விழுங்கி, அதை மணலாகக் கழிக்கும் மீன் இது. நான் காலையில் உட்கார்ந்து ரசித்த அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்தது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, கையில் அள்ளிய மணலைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கிளை கிளையாகப் பிரிந்த பவளத்தின் நுனிகள் வெளிர்நீலமாக இருந்தன. ஒரு கிளையைக் காலால் உதைத்து முறித்துவிட்டால் அது மீண்டும் வளர ஆண்டுக்கணக்காகும் என்பதால், நிற்கத் தோன்றினால் மணல் உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள் என்பதுதான் அங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் முதல் சொல்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. ஓகினாவாவில் கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையே அமைதியாகக் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பை "இனோ" என்கிறார்கள். அலை உடையும் வெளி விளிம்பு "ஹிஷி". அந்த விளிம்பில் அங்கங்கே பிளந்திருக்கும் ஆழமான வாய்க்கால்களுக்குக் "குச்சி" என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வாய் என்று பொருள். பார்ப்பதற்கு இனோ நம் ஏரியைப்போல் அசையாமல் இருக்கும். ஆனால் வெளியே அலைகள் விளிம்பைத் தாண்டி ஓயாமல் நீரை உள்ளே கொட்டுகின்றன. கடல் வற்றும் நேரத்தில், உள்ளே சேர்ந்த அத்தனை நீரும் வெளியேற அந்த வாய்களைத் தவிர வேறு வழியில்லை. நெல் வயலில் மடையைத் திறந்தால் வயல் முழுவதும் நின்ற நீர் அந்த ஒரு முழ அகலத்தில் எப்படிப் பாயுமோ, அப்படித்தான். மேலே அலை குறைந்து, நீர் கருநீலமாக, நீந்துவதற்கு மிக எளிதான இடமாகத் தெரிவது அந்த மடைவாய்தான்.

நான்காம் நாள், மகளின் குடியிருப்புக்கு அருகே, வலையும் காவலரும் இல்லாத ஒரு சிறிய கடற்கரையில் இறங்கினோம். பிற்பகல் மூன்று மணி, வற்றம் தொடங்கி ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. மிதக்கக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் நான் கைகால் அசைக்காமல் கிடந்தேன். பவளங்கள் எனக்குக் கீழே தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. அந்த நகர்வு எனக்கு இன்பமாக இருந்ததே தவிர, அதன் பொருள் புரியவில்லை. தலையைத் தூக்கியபோது கரையில் நின்ற என் கணவர் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தார். உடனே கிணற்றுப் புத்தி வந்துவிட்டது. கரையைப் பார்த்து, சுவரைத் தொட்டுவிடும் வேகத்தில், பலங்கொண்ட மட்டும் அடித்தேன். இருபது வீச்சு அடித்துவிட்டுக் கீழே பார்த்தால், மூளையின் மடிப்புகளைப் போன்ற அதே உருண்டைப் பவளம் எனக்கு நேர் கீழே இருந்தது. மீண்டும் அடித்தேன். இம்முறை அது எனக்கு முன்னால், கரைப் பக்கமாகப் போய்விட்டிருந்தது.

"அம்மா, கரையைப் பாக்காதீங்க! குறுக்கே வாங்க, குறுக்கே!" என்று மகள் இடப்பக்கத்திலிருந்து கத்தினாள். அவள் குரல் வந்த திசையில், கரைக்கு இணையாகத் திரும்பினேன். முப்பது மீட்டர்கூட இருக்காது. சட்டென்று நீரின் இழுப்பு நின்றது, நிறமும் வெளிர்பச்சையாக மாறியது, சிறிது தூரத்தில் மணலில் கால் ஊன்றியது. நான் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தேன், மகள் பக்கத்தில் இருந்தாள், அன்று காற்றும் இல்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் இதை எழுதியிருப்பேனா என்று தெரியாது. நீச்சல் தெரியாத கணவர் பயத்தினால் இடுப்பளவு நீரைத் தாண்டவே இல்லை. நீச்சல் தெரிந்த நான்தான் மடைவாய்க்குப் போனேன்.

அன்றிரவு மகள் வற்றம், ஏற்றம் அட்டவணையை எடுத்து வைத்து, எந்த நாளில் எத்தனை மணிக்கு நீர் எவ்வளவு இறங்கும் என்று காட்டினாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் இறக்கம் மிக அதிகம். ஆடி அமாவாசையைக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு இது கடினமான கணக்கல்ல. பிறகு எங்கே போனாலும் மூன்றைக் கேட்டுக்கொண்டே இறங்கினோம்: இப்போது ஏற்றமா வற்றமா, வாய் எந்தப் பக்கம், காற்று கரையை நோக்கி வீசுகிறதா கடலை நோக்கி வீசுகிறதா. ஓகினாவாவில் கடல் விளையாட்டு நடத்துகிறவர்கள் மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். புதியவர்கள் அப்படிப்பட்ட வழிகாட்டியோடு மட்டுமே பவளத்திட்டுக்குப் போவது நல்லது. கடலில் ஆபத்து என்றால் ஜப்பானில் 118 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நம் நாட்டுக் கடலோரக் காவல்படைக்கு 1554.

மயேதா முனையிலுள்ள நீலக் குகைக்கு அப்படித்தான் வழிகாட்டியோடு போனோம். போன முதல் நாளே அலை உயர்ந்திருந்ததால், கடலுக்கு இறங்கும் செங்குத்தான படிக்கட்டை மூடிவிட்டிருந்தார்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் பலர் அங்கே நின்றிருந்தும் யாரும் வாதாடவில்லை என்பது என்னைக் கவர்ந்தது. இரண்டு நாள் கழித்து மீண்டும் போனபோது திறந்திருந்தது. குகைக்குள் நுழையும்போது முதலில் இருட்டுதான். உள்ளே போய் வாசலை நோக்கித் திரும்பினால், நமக்குக் கீழே உள்ள நீர் முழுவதும் விளக்கேற்றி வைத்ததுபோல நீலமாக ஒளிர்கிறது. நீருக்கடியில் உள்ள திறப்பின் வழியே வெயில் புகுந்து, வெண்மணல் தரையில் பட்டுத் திரும்புவதால் வரும் ஒளி அது. நீர் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் நமக்கு விடுகிறது. என் கைவிரல்கள் அந்த ஒளியில் நீலமாகத் தெரிந்தன. என் கணவர் வழிகாட்டியின் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, வெளியே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பாராசெய்லிங், வாழைப்பழப் படகு, நீர்ச்சறுக்கு ஸ்கூட்டர் எல்லாம் பெரிய விடுதிகளின் கடற்கரைகளில் உண்டு. ஒருமுறை பறந்து பார்த்தேன். மேலிருந்து பவளத்திட்டின் விளிம்பும் அதன் வாய்களும் வரைபடம்போலத் தெரிந்தது உண்மை, அதற்காக மட்டும் போகலாம். மற்றபடி இயந்திரத்தின் இரைச்சலில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வடகிழக்கில் கெசாஷி விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கில் துடுப்புப் போட்டுச் சென்றதுதான் என் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுரபுன்னை வேர்கள் புதிதல்ல. ஆனால் அங்கே படகோட்டி இல்லாமல் நாமே துடுப்புப் போடுவதால், நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை இரண்டு தோள்களும் உணர்ந்துகொண்டே இருக்கின்றன.

சபானி என்னும் மரப்படகையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒடுங்கிய, நீண்ட, பக்கவாட்டில் ஆடும் படகு அது. பழைய முறைப்படி கட்டுகிறவர்கள் பலகைகளை இரும்பு ஆணியால் இணைப்பதில்லை. மூங்கில் ஆணிகளும், வண்ணத்துப்பூச்சி வடிவில் செதுக்கிய மரத்துண்டுகளுமே பலகைகளைப் பிடித்து நிற்கின்றன. உலக மொழிகள் பலவற்றுக்குக் கட்டுமரம் என்ற சொல்லைக் கொடுத்த நமக்கு இந்தப் படகைப் பார்க்கும்போது ஒரு உறவு தோன்றத்தான் செய்யும். மோட்டார் படகுகள் வந்தபின் மறைந்துகொண்டிருந்த சபானிக்கு, 2000ஆம் ஆண்டில் தொடங்கி ஸமாமித் தீவிலிருந்து நாஹா வரை நடக்கும் பாய்மரப் பந்தயம் மறுவாழ்வு கொடுத்திருக்கிறது. துடுப்பை நீரில் ஆழமாகக் குத்தி இழுக்காமல், எல்லோரும் ஒரே தாளத்தில் நாற்று நடுவதுபோல் குனிந்து நிமிர வேண்டும். என் தாளம் தவறிய ஒவ்வொரு முறையும் படகு அதைக் காட்டிக்கொடுத்தது.

நாஹாவுக்கு மேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் கெராமாத் தீவுகள் இருக்கின்றன. தொமாரித் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் தொக்காஷிகித் தீவுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தத் தீவுகளும் கடலும் 2014 மார்ச் 5 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஜப்பானிய மொழியில் மூன்று "சான்", ஐந்து "கோ", பவளம் "சாங்கோ" என்பதால் மார்ச் 5 அங்கே பவள நாள். 248 வகைப் பவளங்கள் அங்கே இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே நான் ஒரு பேராமையைக் கண்டேன். கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்த அது, மூச்செடுக்க எழும்பி, என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் தலையை நீட்டி, "புஸ்" என்று காற்றை விட்டுவிட்டு மறுபடி இறங்கியது. தொடுவதும் துரத்துவதும் தவறு. அசையாமல் கிடந்தால் அதுவே பக்கத்தில் வரும். கிடக்கக் கற்றுக்கொண்டிருந்ததன் முழுப் பலன் எனக்கு அந்த நிமிடத்தில்தான் கிடைத்தது.

இந்தக் கடலும் நிலையானது அல்ல. நீர் வழக்கத்தைவிடச் சூடேறிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு தணியாவிட்டால் செத்துவிடுகிறது. 1998இல் ஒருமுறை பரவலாக வெளுத்தது. 2016இல் தெற்கே இஷிகாகித் தீவுக்கும் இரியோமோத்தேத் தீவுக்கும் இடையிலுள்ள பெரும் பவளப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்தது. சுற்றுலாக்காரர்களாகிய நாம் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் புயல்தான், ஆழத்துக் குளிர்நீரைக் கிளறி மேலே கொண்டுவந்து பவளத்தைக் காப்பாற்றுகிறது என்று மகள் சொன்னபோது, எங்கள் பயணத் திட்டம் மிகச் சிறியதாகத் தெரிந்தது.

சூட்டைத் தடுப்பது ஒரு கிராமத்தின் கையில் இல்லை. ஆனால் அங்கே பவளத்துக்கு இன்னொரு பகையும் உண்டு, அதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன்: செம்மண். தீவின் வடபாதியில் மண் நம் சேர்வராயன் மலைச்சரிவைப்போலவே சிவந்து கிடக்கிறது. அமெரிக்காவின் ஆட்சியிலிருந்து ஓகினாவா ஜப்பானிடம் திரும்பிய 1972க்குப் பிறகு சாலைகளுக்கும் வயல்களுக்கும் மலைகளை வெட்டியதில், அடைமழை தோறும் அந்தச் செம்மண் கடலில் இறங்கி, வெளிச்சத்தை மறைத்துப் பவளத்தின்மேல் படிந்தது. அதைத் தடுக்க 1994இல் மாகாண அரசு சட்டம் இயற்றி, மறு ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒன்னா கிராமம் 2018இல் தன்னைப் "பவளக் கிராமம்" என்றே அறிவித்துக்கொண்டது. ஒரு மாலை கடற்கரையிலிருந்து நடந்து திரும்பும்போது, கரும்பு வயலின் சரிவோரத்தில் ஆளுயரப் புல்லை வேலிபோல் வரிசையாக நட்டிருப்பதைக் கண்டு, இது என்ன என்று வயல்காரரிடம் மகளை விட்டுக் கேட்டோம். "பெச்சிபா" என்றார். இரண்டு முறை சொன்ன பிறகும் எனக்குப் புரியவில்லை. என் கணவர் குனிந்து ஒரு தூரைப் பற்றிக் கொஞ்சம் வேரைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெட்டிவேர். நம் சொல்தான் உலகமெல்லாம் சுற்றி அந்த வயல்காரரின் வாயில் அப்படி வந்திருக்கிறது. ஆழமாக நேர்கீழே இறங்கும் அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள, மழைநீர் மட்டும் வடிந்து கடலுக்குப் போகிறது. மண்பானைத் தண்ணீரில் போட நாம் வாங்கும் அந்த வேர், அங்கே நான் மிதந்த நீரைத் தெளிவாக வைத்திருக்கிறது.

அக்டோபர் மழையில் எங்கள் தோட்டத்து ஓடையும், கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்து வடிகால்களும் தேயிலைச் சாறுபோலச் சிவந்து ஓடுவதை எத்தனையோ ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அந்த மண் எங்கே போய்ப் படிகிறது என்று கேட்டதில்லை. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கிறது, காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் நான். ஊர் திரும்பியதும் என் கணவர் செய்த முதல் வேலை, முந்நூறு வெட்டிவேர் நாற்று வாங்கி, புதிதாக வெட்டிய காப்பி வரிசைகளின் கீழ்ச்சரிவில் நட்டதுதான். ஐப்பசி மழையில் நாற்பதுக்குமேல் அடித்துக்கொண்டு போய்விட்டன. மற்றவை வேர் பிடித்துவிட்டன.

இந்தச் சித்திரை விடுமுறையில் தம்பியின் மகளை அழைத்துக்கொண்டு ஓமலூர்த் தோட்டத்துக்குப் போனேன். தாத்தாவின் கிணற்றில் பதினான்காம் படி வரை நீர் இருந்தது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, ஓகினாவாவில் வாங்கிய மாஸ்க்கை முகத்தில் இறுக்கி, ரப்பர் ஓரத்தில் முடி சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து இறக்கிவிட்டேன். இறங்கியதும் அவளும் கைகால்களை அடித்தாள். "அடிக்காதே கண்ணு, சும்மா கிட" என்று சொல்லி அவள் வயிற்றுக்கடியில் என் கையை வைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அவள் கை தளர்ந்தது, குழாயின் மூச்சுச் சத்தம் சீரானது. நான் கையை எடுத்தது அவளுக்குத் தெரியாது. ஐந்தாறு நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கி, மாஸ்க்கைக் கூடக் கழற்றாமல், "அத்தை, படிக்கட்டு கீழே போயிட்டே இருக்கு, கடைசிப் படியில ஒரு கெண்டை நிக்குது" என்றாள்.